பாய்க்கயிற்றில் ஒரு பூமுடிச்சு

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

"ஏன்... உள்ள சாமி இருக்கா?"

அன்புக்கரசி வெடுக்கென்று கேட்டாள். படகுக்காரன் கோபப்படவில்லை. கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போனது.

"வழுக்கும்ங்க. நீங்க விழுந்தா நான்தான குதிக்கணும்?"

ஃபர்ஹீன் வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாம் இவளால் வந்தது. திருச்சியில் படித்தபோது இருவரும் ஒரே விடுதி அறை. பெங்களூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்தவளுக்குத் திண்டுக்கல் பிரியாணி போதவில்லை. இன்ஸ்டாகிராமில் பார்த்த பாய்மரப் படகில் ஏறியே ஆகவேண்டும் என்று, ஆத்தூர்ப் பக்கத்து அணைக்கு விடிந்ததும் இழுத்து வந்துவிட்டாள். நீச்சல் தெரியாத அன்புக்கரசிக்குக் கரையிலேயே பாதி உயிர் போய்விட்டது.

படகு நகர்ந்தது. நீலப் பாய் காற்றில் பொம்மென்று உப்பியது. மலைக்கு மேலே மேகம் கறுத்து, நீரில் மெல்லிய தூறல் விழுந்தது... பயத்தை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள் அன்புக்கரசி.

"இந்தப் பாய் எங்க வாங்குனது?" ஃபர்ஹீன் கேட்டாள். 

"லாரித் தார்ப்பாய்ங்க. நானே தச்சேன். வத்தலக்குண்டு ரோட்ல நம்ம கடைதான். தூத்துக்குடி மாமாகிட்ட படகு ஓட்டப் பழகுனேன். வாரம் முச்சூடும் லாரிக்குத் தைக்கிறது... சனிக்கிழம எனக்கு."

அன்புக்கரசிக்குத் திக்கென்றது. தார்ப்பாய்க் கடை!

போன மாதம் சித்தி ஒரு வரனோடு வந்தாள். 'லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை' என்றதுமே இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். 'பேங்க்ல வேலை பாக்குறேன். ஊசியும் நூலுமா உக்காந்திருக்கிற ஆளு எனக்கு வேணாம்' என்று, போட்டோவைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். பேரையாவது கேட்டிருக்கலாமே!

ஒருவேளை இவனோ...? சேச்சே. ஊரில் எத்தனையோ தார்ப்பாய்க் கடை. இருந்தாலும் ஊர், பேர் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, செத்த நேரம் இந்தப் பாய்க்கயித்தப் பிடிங்க. காத்து வேகமா வந்தா, விடுங்கம்பேன். உடனே விட்ரணும். எங்கயும் கட்டிரக் கூடாது, படகு கவுந்துரும்."

கயிற்றைக் கொடுக்கும்போது விரல் நுனி பட்டது. அவ்வளவுதான்... என்ன சொன்னான் என்பதே மறந்துபோனது!

"அன்பு, இங்க பாரு... ஒரு செல்ஃபி!" 

காற்றில் பறந்த முடியை ஒதுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த கொக்கியில் கயிற்றைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டாள். யோசித்துப் போட்டதல்ல. ஐந்து வயதிலிருந்து மல்லிகை கட்டிய விரல்கள், தாமாகவே போட்ட பூமுடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

அந்த நேரம் பார்த்துக் காற்று சீறி வந்தது.

"விடுங்க! கயித்த விடுங்க!"

முடிச்சு அசையவில்லை. படகு ஒருபக்கமாய்ச் சாய்ந்து, தண்ணீர் உள்ளே ஏறியது. ஃபர்ஹீன் "யா அல்லாஹ்!" என்று அலறினாள். சரிந்த அன்புக்கரசியை ஒரு கை இழுத்துப் பிடித்தது. இன்னொரு கை இடுப்பிலிருந்த கத்தியை உருவி, கயிற்றை ஒரே வெட்டாக வெட்டியது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நிமிர்ந்தது.

திட்டப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடி எதும் படலையே...?"

அந்தக் குரலில் இருந்த பதற்றம்! பெற்ற தகப்பனுக்குக்கூட இம்புட்டுப் பதற்றம் இருக்குமா? அழுகை முட்டியது. மாதாவே, உனக்கு நன்றி... இந்த மனுசனை இங்கே வைத்ததற்கு நன்றி.

துடுப்புப் போட்டுக்கொண்டே, வெட்டிய கயிற்றை எடுத்துப் பார்த்தான்.

"இம்புட்டு இறுக்கமா... இந்த முடிச்சு எங்கங்க பழகுனீங்க?"

பொய் சொல்லலாம். ஆனால் உயிரைக் காப்பாற்றியவனிடம் எப்படிச் சொல்வது? 

"எங்க ஊரு வெள்ளோட்டுல... பூத்தோட்டம் அந்தோணிமுத்து மக நான்."

துடுப்பு நின்றது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அணைந்தது.

"நான் ஜெரோம்," என்றான். "ஊசி நூலுக்காரன்."

அவன்தான்! அவள் சொன்ன அதே சொல் அவன் காதுவரை போயிருக்கிறது. தண்ணீரிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. படகு கரை தட்டியது.

இறங்கியதும் அவன் எதிரே போய் நின்றாள்.

"நான் சொன்னது தப்புங்க. பூ கட்டுன காசுல படிச்சவ, அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"எனக்குக் கோவமில்லீங்க. எங்கம்மாதான் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

"மறுபடி... ஆள் அனுப்புவீங்களா?"

கேட்டேவிட்டாள்! ஃபர்ஹீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரோம் அவளை நெடுநேரம் பார்த்தான். மழையில் நனைந்த அந்தக் கண்களில் ஆசை இருந்தது... வீம்பும் இருந்தது.

"வேணாம்னு சொன்ன வாசலுக்கு எங்கம்மாவ நான் திரும்பப் போகச் சொல்ல மாட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

நியாயம்தான். அவளுக்கு வலித்தது. ஆனால் அம்மாவுக்காக இப்படி நிற்கிறவனை விட்டுவிட்டு, வேறு யாரைத் தேடப் போகிறாள்? பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"அப்பா... போன மாசம் சித்தி கொண்டாந்த வரன்... ஆமாப்பா, அவருதான். எனக்குப் பிடிச்சிருக்குப்பா. வேணாம்னு சொன்னது நம்மதான? அதனால நம்ம போயி கேப்போம்ப்பா. நீங்களே போயி அவங்க அம்மாகிட்ட கேளுங்க. நானும் வாரேன், மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"பொண்ணு வீட்டுக்காரங்க போயி கேக்குறதா, ஆத்தா?" என்று அப்பா தயங்குவது வெளியே கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "சரி... போவோம். அந்தத் தம்பி பக்கத்துல இருந்தா குடு."

ஜெரோமிடம் நீட்டினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். தொண்டையைச் செருமினான்.

"தோத்திரம்..." என்று வணக்கம் வைத்தவன், அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னான். "தோத்திரம், மாமா."