ஓடக்கூடாத என்ஜின்

லானி பெட்ஸோல்டின் ரொட்டிக்கடையில் வியாழக்கிழமை காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஓரின் வேலி ரயில்வேயின் மேலாளர் எல்வுட் க்ரம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். ஜன்னலோர மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த இமோஜீன் டாஸ்கரின் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பதினாலாம் நம்பர் என்ஜினோட இன்ஜெக்டர் ரெண்டையும் காணோம்," என்றார்.

இமோஜீன் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்கு லானி இருந்தார்.

"இன்ஜெக்டர்னா என்ன?" என்று லானி கல்லாவிலிருந்தே கேட்டார்.

"பாய்லருக்குள்ள தண்ணி ஏத்தற சாமான். அது இல்லாம அடுப்பையே பத்தவைக்க முடியாது. நாளன்னிக்கு இலைப் பயணம். டிக்கெட் முழுக்க வித்தாச்சு."

"போலீசுக்குச் சொன்னீங்களா?" என்றார் இமோஜீன்.

"சொன்னா ஊரே சிரிக்கும். யாருன்னு எனக்குத் தெரியும். மெர்ல் ஹேக்கட்தான். டீசல் ஓட்டறவன். நீராவின்னாலே அவனுக்கு இளக்காரம். நீங்க வந்து நிரூபிச்சா போதும்."

லானி அதற்குள் ஏப்ரனை அவிழ்த்துவிட்டார்.

மலையிலிருந்து மரம் இறக்குவதற்காகப் போட்டது அந்த ரயில் பாதை. மரம் தீர்ந்தபின் நிலக்கரி வந்தது. நிலக்கரியும் தீர்ந்து, இப்போது மிஞ்சியிருப்பது கல் குவாரி மட்டும்தான். வார நாட்களில் டீசல் என்ஜின் ஒன்று சல்லி வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். சனி, ஞாயிறுகளில் பதினான்காம் எண் நீராவி என்ஜின் பயணிகளை ஏற்றிக்கொள்ளும். சுரங்கக்காரர்கள் எங்கிருந்தோ பழையதாக வாங்கி, உழைக்கவைத்து, கடைசியில் முட்புதருக்குள் விட்டுப்போன என்ஜின் அது. பணிமனைத் தலைவர் ஆர்வில் ஸ்டாம் அதைப் புதரிலிருந்து வெட்டியெடுத்து, வருடக்கணக்கில் பாடுபட்டு மறுபடி ஓடவைத்திருந்தார். மேப்பிள் இலைகள் சிவக்கும் அக்டோபரில் அதன் பின்னால் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

ஆர்வில் அகலமான தோள்கள் கொண்ட, அதிகம் பேசாத மனிதர். என்ஜின் கொட்டகைக் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"செவ்வாய்க்கிழமை பூட்டிட்டுப் போனேன். நேத்து வந்து பார்த்தா இல்ல. பூட்டு உடையல."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் இமோஜீன்.

"என்கிட்ட, க்ரம்கிட்ட, ஹேக்கட்கிட்ட. அப்புறம் என் பொண்ணு க்ளென்னாகிட்ட. அவதான் இதுக்குக் கரி போடறவ."

"பித்தளைக்கு ஆசைப்பட்டுத்தான் எவனோ தூக்கியிருக்கான்," என்றார் லானி.

"மணி அங்கேயே தொங்குது. விசிலும் இருக்கு. ரெண்டும் பித்தளைதான், லானி."

இமோஜீன் மெல்ல என்ஜின் அறைக்குள் ஏறினார். இன்ஜெக்டர்கள் இருந்த இடத்தில் குழாய் முனைகள் வாய் பிளந்து கிடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அளவாக ஒரு மரத்தக்கை செதுக்கி, கிரீஸ் தடவிய துணியைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். கழற்றிய நட்டுகள் வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோக்கப்பட்டிருந்தன.

"ரொம்பப் பதவிசான திருடன்," என்றார் லானி.

கரி போடுபவரின் இருக்கையை ஒட்டி நெருப்பறையின் வெளிச்சுவர் எழும்பியது. அதில் போல்ட்டுகளின் தலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு தலையின் நடுவிலும் பென்சில் முனையளவு ஒரு துளை. கீழ் மூலையில் மட்டும் சில தலைகளில் துளையைக் காணவில்லை. அங்கே கறுப்புச் சாயம் புதிதாகப் பளபளத்தது. இமோஜீன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்த நிலக்கரித் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மழையில் ஓடிவந்து நின்ற என்ஜின். மழை கழுவிய கரி மினுமினுவென்றிருந்தது. ஒரு மூலையில் மட்டும் கரி புழுதி படிந்து மங்கலாகக் கிடந்தது.

அவர் இறங்கும்போது மெர்ல் ஹேக்கட் கையில் காபியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க நீராவிக் கெட்டிலோட சாமானக் காணோமாமே? எவனாவது டீ போட எடுத்துட்டுப் போயிருப்பான்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?" என்று லானி பாய்ந்தார்.

"உன் கடை பன்னைத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

இமோஜீன் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "போல்ட் தலையில ஓட்டை எதுக்கு, மிஸ்டர் ஹேக்கட்?"

"நெருப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல தண்ணி நிக்குது. ரெண்டு சுவரையும் பிடிச்சு வெச்சிருக்கறது அந்த போல்ட்டுங்கதான். உள்ள ஒண்ணு முறிஞ்சா கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓட்டை வழியா ஆவி சீறும், அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."

"நிறைய முறிஞ்சு, அது தெரியாமப் போனா?"

ஹேக்கட்டின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "சுவர் பிச்சுக்கும். என்ஜின் அறையில இருக்கறவங்க மொதல்ல போவாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

அப்போது முழங்கை வரை கரியோடு க்ளென்னா வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பாவின் தோள்கள் அவளுக்கும் இருந்தன.

"சாமான் சனிக்கிழமைக்குள்ள கிடைச்சுடுமா?" என்று இமோஜீன் கேட்டார்.

"கிடைச்சாலும் அது ஓடக்கூடாது," என்றாள் க்ளென்னா. உடனே, "ஓடாதுன்னு சொல்ல வந்தேன். மாட்டறதுக்கு நேரம் பத்தாது," என்றாள். ஆர்வில் குனிந்து ஸ்பானர்களை அடுக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியெல்லாம் லானி ஹேக்கட்டைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"யார் எடுத்தாங்கங்கறது சின்னக் கேள்வி, லானி," என்றார் இமோஜீன். "இவ்வளவு பத்திரமா எதுக்கு எடுக்கணும்?"

வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் என்ஜின் அருகே வரச்சொன்னார். க்ரம் கையைக் கட்டிக்கொண்டு ஹேக்கட்டை முறைத்தபடி நின்றார்.

"இது காசுக்கான திருட்டு இல்ல," என்று இமோஜீன் ஆரம்பித்தார். "விலைபோற மணியை யாரும் தொடல. என்ஜின் மேல இருக்கற வெறுப்புலயும் செய்யல. வெறுக்கறவன் மரத்தக்கை செதுக்கிக்கிட்டு உட்கார மாட்டான். திரும்ப மாட்டணும்னு நினைச்சவங்கதான் கழட்டியிருக்காங்க. சாமான் இந்தக் கொட்டகையை விட்டே போகல. தொட்டியில ஒரு மூலையில மட்டும் அடியில இருந்த கரி மேல வந்திருக்கு. லானி, அங்க தோண்டிப் பாருங்க."

லானி ஏறிக் கரியை வாரித் தள்ளினார். சாக்கில் சுற்றிய இரண்டு கனமான பொருள்கள் வெளியே வந்தன.

"அப்போ இன்னிக்கே மாட்டி நாளைக்கு ஓட்டிடலாம்," என்றார் க்ரம்.

"மாட்டலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." இமோஜீன் ஆர்வில் பக்கம் திரும்பினார். "இருக்கைக்குப் பக்கத்துல போல்ட் ஓட்டைகளை அடைச்சுச் சாயம் பூசியிருக்கு. அது ஹேக்கட் கண்ணுல பட்டிருந்தா ஊரைக் கூட்டியிருப்பாரு. க்ரம் அந்த அறையில ஏறறதே இல்ல. வாராவாரம் அந்தச் சுவருக்குப் பக்கத்துல உட்கார்றவ ஒருத்திதான். அவளால அதை வெளிய சொல்லவும் முடியல, பேசாம இருக்கவும் முடியல. ஏன்னா அடைச்சது அவ அப்பா. அதான் என்ஜின் ஓடாதபடி சாமானைக் கழட்டி ஒளிச்சுட்டா. எல்லாரும் எப்படி ஓட்டறதுன்னு கவலைப்பட்டாங்க, அவ மட்டும் 'ஓடக்கூடாது'ன்னா. மிஸ்டர் ஸ்டாம், இதை இப்பவே மாட்டித் தர்றோம். நாளைக்கு உங்க பொண்ணு அந்த இருக்கையில உட்காரட்டுமா?"

ஆர்வில் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் ஆர்வில்.

அவர் என்ஜின் அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அரசாங்கச் சோதனை முடிஞ்சப்புறம்தான் ரெண்டு ஓட்டை சீற ஆரம்பிச்சுது. அப்புறம் இன்னும் சிலது. மாத்தணும்னா ஒரு வருஷமாவது நிக்கும். ஒரு வருஷம் நின்னா திரும்ப ஓட விடமாட்டாங்க. இந்த இலைக் காலம் மட்டும் ஓட்டிட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன்."

"என்னையும் ஏத்திக்கிட்டு," என்றாள் க்ளென்னா. சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

"இருந்தாலும் திருட்டு திருட்டுதானே," என்று க்ரம் இழுத்தார்.

"எல்வுட், சும்மா இரு," என்றார் ஹேக்கட்.

ஆர்வில் தாமே துரப்பணத்தை எடுத்து அடைத்த துளைகளைத் திறந்தார். கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஹேக்கட் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். முதலில் ஒரு துளையிலிருந்து நூல்போல நீர் பீய்ச்சியது. பிறகு அதன் பக்கத்திலிருந்து, அதன் மேலிருந்து. பம்பை நிறுத்துவதற்குள் மூலை முழுவதும் பூவாளிபோலச் சிதறிக்கொண்டிருந்தது. அடைக்காமல் விட்டிருந்த துளைகளிலும் நீர் கசிந்தது. அவ்வளவு என்று ஆர்வில்லே நினைத்திருக்கவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். க்ரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை பெட்டிகளை ஹேக்கட்டின் டீசல் இழுத்தது. சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சிலர் ரயிலை விட்டுவிட்டுக் கொட்டகையில் நின்றார்கள். 'சிறு பழுது' என்று க்ரம் ஒரு பலகை எழுதிவைத்திருந்தார். ஆர்வில் அதை எடுத்து ஓரமாகச் சாய்த்தார்.

"இந்த மூலையில போல்ட்டுங்க முறிஞ்சிருக்கு," என்று கூட்டத்திடம் சொன்னார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடைச்சு வெச்சேன். அரசாங்க இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வர்றாரு. அதுக்கப்புறம் என்னை இங்க வெச்சிருப்பாங்களான்னு தெரியாது. இதை மட்டும் ஒழுங்காக் கழட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கிட்டே போய் அந்தத் துளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்வில் கொதிகலன் மேலிருந்த தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பழைய திருகுகள் அசையவில்லை. நேற்று முதல் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவோரம் நின்றிருந்த க்ளென்னா, கையுறையை மாட்டிக்கொண்டு என்ஜினின் மறுபுறம் போனாள்.

"அந்த முனையைத் தளர்த்துங்கப்பா," என்றாள். "இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."