ட்ரூடியின் ட்ரெய்லரில் யாரோ!

"காப்பாத்துங்க...!"

ட்ரெய்லருக்குள்ளிருந்து அலறல்.

ஆண் குரல்!

டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ட்ரூடி ஹாஸ்கல் உறைந்து போனாள்.

அந்த ட்ரெய்லர்தான் அவள் வீடு. அந்த வீட்டில் ஆண் என்று பார்த்தால் பிக்கிள் ஒருவன்தான். அவனும் நாய். இப்போது முன்னால், ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியின் சீட்டில் உட்கார்ந்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம். ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே போகும் ஹைவேயில், வண்டிகளை நிறுத்திக் கைகால் நீட்டிக்கொள்ளும் இடம்.

ட்ரூடியின் கை தானாகக் கழுத்தைத் தடவியது. சாவி அங்கேதான் தொங்கியது. ட்ரெய்லர் கதவும் பூட்டியபடியே இருந்தது.

அப்படியானால் உள்ளே...?

நாலு வண்டி தள்ளி, ஷெரீஃப் ஆபீஸ் டெபுடி, அதாவது அந்த வட்டாரப் போலீஸ்காரி, யெசேனியா டுவார்ட்டே, ஜீப்பின் பானட் மேல் பரிட்டோ ரொட்டிச் சுருளைப் பிரித்து வைத்திருந்தாள். நல்ல பசி. ட்ரூடி ஓடி வந்த வேகத்தைப் பார்த்ததும் பரிட்டோவைத் திரும்பச் சுற்றினாள்.

"மேடம்! என் வீட்டுக்குள்ள யாரோ இருக்கான்!"

"வீடு எங்க?"

"இதோ, இதான்!"

"எங்க ஏறினான்?"

"தெரியலையே! ஃபீனிக்ஸ்ல கிளம்பினவ இங்கதான் வந்து நிறுத்தறேன்!"

யெசேனியா துப்பாக்கி மேல் கையை வைத்தாள். ட்ரூடி கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரே நெருக்கடி. ட்ரெய்லரின் ஒரு பக்கச் சுவர், சமையல் மேடையோடு சேர்ந்து மேஜை டிராயர் மாதிரி வெளியே வரும். அதற்குப் பெயர் ஸ்லைடு. வண்டி ஓடும்போது அதை உள்ளே இழுத்து வைப்பார்கள். இழுத்தால் சமையல் மேடை பாத்ரூம் கதவை முட்டிக்கொண்டு நிற்கும். பாத்ரூமில் இருப்பவன் பாத்ரூமில்தான்!

தட்... தட்... தட்!

பாத்ரூம் கதவு அதிர்ந்தது.

"ஷெரீஃப் ஆபீஸ்! யாருடா உள்ள?"

"கதவைத் திறங்க! மூச்சு முட்டுது!"

ட்ரூடி பட்டனை அழுத்தப் பாய்ந்தாள்.

"ஏய் ஏய்! அவசரப்படாதே!" உள்ளேயிருந்து குரல் பதறியது. "முதல்ல சக்கரத்துக்குக் கட்டை வை! வெளிய எதுலயாவது இடிக்குமான்னு பாரு! அப்புறம் ஸ்லைடைத் தள்ளு!"

"சரி சரி!" என்று ட்ரூடி இறங்கி ஓடினாள். திருடன் சொல்லச் சொல்லக் கட்டை வைத்த வீட்டுக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வைத்துவிட்டு வந்து பட்டனை அழுத்தினாள்.

ர்ர்ர்ர்ர்...

சுவர் வெளியே நகர்ந்தது. பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. உள்ளேயிருந்து ஓர் உருவம் தரையில் வந்து விழுந்தது.

கழுத்து டை காதோரம். சட்டை முழுக்க ஷாம்பூ.

அது... அது...!

"ஸ்டாக்டன் சார்...? நீங்களா?"

வென்டல் ஸ்டாக்டன்! ட்ரூடி வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேனேஜர்!

"டெபுடி! இவளைப் பிடிங்க! என்னைக் கடத்திட்டு வந்துட்டா!"

"நானா? உங்களையா? சும்மா குடுத்தாக்கூட வேண்டாம் சார்!"

"இன்னிக்கு மத்தியானம் எல்லார் முன்னாடியும் இவ என்ன சொன்னான்னு கேளுங்க! 'உங்களை ட்ரெய்லர்ல போட்டுப் பூட்டி, பாலைவனத்துல கொண்டு விட்டாத்தான் புத்தி வரும்'னு கத்தினா! மொத்த ஆபீஸும் சாட்சி!"

யெசேனியா திரும்பினாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்..." ட்ரூடி இழுத்தாள். "ஆனா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சிருக்கீங்களே மேடம்!"

ஆள் கடத்தல்! ஜெயில் நிச்சயம். வேலை போகும். பிக்கிளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ட்ரூடிக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்கு அப்படிக் கத்தினீங்க?"

"வாரத்துல மூணு நாள் ஆபீஸ் வந்தே ஆகணும்னு நிக்கறார் மேடம். நான் வருஷம் பூரா இதுலதான் குடியிருக்கேன். லேப்டாப்பை எங்க திறந்தாலும் என் வேலை நடக்கும். நாலு மாசமாக் கெஞ்சறேன், காதுலயே வாங்கலை! சரின்னு செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் பார்க்கிங்லயே வீட்டை நிறுத்தி, தூங்கி எழுந்து அப்படியே உள்ள போறேன்."

"பார்த்தீங்களா! அவ வாயாலயே சொல்லிட்டா!" வென்டல் துள்ளினார். "கம்பெனி இடத்துல ராத்தங்கினா வேலை காலி! அதுக்கு ஆதாரம் எடுக்கத்தான் உள்ள போனேன். படுக்கை, டூத்பிரஷ் எல்லாம் போட்டோ எடுத்தேன். அதுக்குள்ள இவ வந்துட்டா. பாத்ரூம்ல ஒளிஞ்சேன். ஸ்லைடை இழுத்துட்டு வண்டியைக் கிளப்பிட்டா!"

"கையிலதான் போன் இருந்ததே. கூப்பிடறதுக்கென்ன?"

"முதல் திருப்பத்துலயே... டாய்லெட்டுக்குள்ள விழுந்துடுச்சு."

"போட்டோ?"

"அதுவும்தான்."

யெசேனியா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, பூட்டின வீட்டுக்குள்ள எப்படிப் போனீங்க?"

"திறந்துதான் கிடந்தது."

"பொய்!" ட்ரூடி சீறினாள். "பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன்!"

"ஐயா, பாக்கெட்ல இருக்கறதை எடுங்க."

வென்டல் தயங்கித் தயங்கி எடுத்தார்.

ஒரு சாவி!

ட்ரூடி அதைப் பிடுங்கி வாசல் கதவில் போட்டுத் திருப்பினாள். க்ளிக்! கச்சிதமாகத் திரும்பியது.

"என் சாவி என் கழுத்துல தொங்குது. அப்ப இது யாரோடது சார்?"

வென்டல் காதோரம் கிடந்த டையை இழுத்துச் சரிசெய்தார்.

ட்ரூடியின் அழுகை நின்றது. உதட்டில் மெதுவாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"மேடம், இந்த மாதிரி ட்ரெய்லர்ல பாதிக்கு மேல ஒரே சாவிதான். பூட்டை மாத்தணும். நான் சோம்பேறி, மாத்தலை. ஆனா இந்த விஷயம் யாருக்குத் தெரியும்? ட்ரெய்லர்ல குடியிருக்கறவங்களுக்கு! இவர் பாத்ரூம்லேருந்து என்ன கத்தினார்? முதல்ல கட்டை வை, அப்புறம் ஸ்லைடைத் தள்ளுன்னு! செங்கல் வீட்டுல இருக்கற மனுஷனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

யெசேனியா வென்டலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா... உங்க வீடு எங்க?"

வென்டல் தலையைக் குனிந்துகொண்டார்.

"வீடு விவாகரத்துல போச்சு. இப்ப ட்ரெய்லர்தான்."

"எங்க நிறுத்தறீங்க?"

"சூப்பர்மார்க்கெட் வாசல்ல. துரத்தினா அடுத்த சூப்பர்மார்க்கெட். எனக்கு வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ் கட்டாயம். மேலிடத்து உத்தரவு. கோடை வேற வரப்போகுது. ஏசி இல்லேன்னா தகர டப்பாவுக்குள்ள வெந்தே போயிடுவேன்! ஆபீஸ் பார்க்கிங்ல ப்ளக் இருக்கறது ஒரே இடத்துலதான். மர நிழல் வேற. அதுல இவ வந்து நின்னுக்கறா!"

"அடப்பாவி சார்! ஒரு ப்ளக்குக்காக என் வேலையைக் காலி பண்ணப் பார்த்தீங்களா?"

"நிழலும் இருக்கே..." என்றார் வென்டல் பரிதாபமாக.

"கடத்தல்னு எழுதினா," யெசேனியா நிதானமாகச் சொன்னாள், "அடுத்தவங்க வீட்டுக்குள்ள புகுந்ததையும் எழுதணும். எழுதட்டுமா?"

"கடத்தலா? யார் சொன்னது? நான் சும்மா... காத்து வாங்க வந்தேன்."

"எனக்கும் புகார் இல்லை மேடம்," என்றாள் ட்ரூடி. "ஆனா திங்களும் செவ்வாயும் அந்த இடம் எனக்கு. மத்த நாள் சாருக்கு. இனிமே மூணு நாள் கிடையாது, எனக்கு அந்த ரெண்டு நாள்தான் ஆபீஸ். சரியா சார்?"

"மேலிடத்துல என்ன சொல்லுவேன்..."

"மேடம், பேனா வச்சிருக்கீங்களா?"

"சரி சரி! ரெண்டு நாள்!"

யெசேனியா பரிட்டோவை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். "ஊர்ல எல்லாரும் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போவாங்க. நீங்க ரெண்டு பேரும் வீட்டை ஆபீஸுக்கு ஓட்டிட்டு வந்து இடத்துக்கு அடிச்சுக்கறீங்க!"

வயர்லெஸ் கரகரத்தது. எங்கேயோ விபத்து. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

வென்டல் அந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"ட்ரூடி... என்னைக் கொஞ்சம் ஃபீனிக்ஸ்ல கொண்டு விட்டுடேன்."

"நான் பாலைவனத்துல போய்த் தங்கப் போறேன் சார். ஞாயித்துக்கிழமைதான் திரும்புவேன்."

"பஸ் ஏதாவது...?"

"இங்கயா?"

"ஐயையோ! நாளைக்கு வெள்ளிக்கிழமை! நான் ஆபீஸ்ல இருந்தாகணுமே!" வென்டல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு தூரத்துலேருந்து ஒரு மனுஷன் எப்படி ஆபீஸ் வர முடியும்? எங்கேருந்து பார்த்தா என்ன, வேலை நடந்தாப் போதாதா? மேலிடத்துல இருக்கறவனுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

ட்ரூடி நிதானமாகச் சக்கரத்துக் கட்டையை உருவினாள்.

"பாலைவனம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே சார்... அதுக்குள்ள புத்தி வந்துடுச்சே!"