அவளுக்குக் காட்டிய முகம்

அன்று மாலை நடைவழியில் யாரும் நிற்கவில்லை.

ஹெர்லிந்தாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. மழை பிடித்துக்கொள்ளுமுன் துணிகளை எடுத்துவிட வேண்டும் என்று மொட்டை மாடிக்கு ஏறி, பாதி காய்ந்த தலையணை உறைகளை மார்போடு அள்ளிக்கொண்டு இறங்கி, முன்னறை நாற்காலியில் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்க் காபியை அடுப்பில் ஏற்றி, கீழே தெருவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டியின் நீராவி விசில் நாய் ஊளையிடுவதுபோல் நீண்டு தேய்ந்து அடங்கிய பிறகுதான் கை நின்றது. நடைவழியைத் தாண்டி வந்திருக்கிறாள். விளக்கைப் போடாமல். மூச்சைப் பிடிக்காமல். பார்வையைத் தரையில் புதைக்காமல்.

பொழுது சாயும் இந்த நேரத்தில் அவள் அப்படி நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தாள். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய குறுகல் வழி. குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவர் உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும் அந்த மூலையில், வெறும் நிழல் மட்டும் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை இல்லை. சோப்பு வாசனை, காபி வாசனை. ஒரு சாதாரண வீட்டின் வாசனை.

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது.

அவளுடைய இருபத்து சொச்சம் வயதில், மெக்சிகோ நகரத்தின் சாந்தா மரியா பகுதியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து 'உலராத வீடு' என்ற பேய்ப்படத்தை எடுத்தார்கள். கிணற்றில் விழுந்து செத்த வீட்டுக்காரர் நடைவழியில் வந்து நிற்பார். கதாநாயகியான ஹெர்லிந்தா பார்த்து அலற வேண்டும். வீட்டுக்காரராக நடித்தவர் பாதி ஒப்பனையோடு முற்றத்தில் உட்கார்ந்து சோளக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார். காட்சியில் அவர் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கேமராவுக்குப் பின்னால், விளக்குக் கம்பங்களுக்கு நடுவே, யாரோ ஓர் உருவம் சுவரைப் பார்த்து நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெர்லிந்தா அலறிய அலறல் நடிப்பல்ல. அந்த ஒற்றை அலறலுக்காக ஜனங்கள் மாதக்கணக்கில் மழையில் வரிசை கட்டி நின்றார்கள்.

அது அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வீடு மாற்றினாள், கூடவே வந்தது. கல்யாணம் செய்துகொண்டாள். "இந்த வீட்டுல எப்பப் பாரு ஒரே ஈரமா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்த கணவன் ஒருநாள் போய்விட்டான், அது போகவில்லை. மாலை மங்கியதும் வரும். நடைவழியின் கோடியில் சுவருக்கு முகம் கொடுத்து நிற்கும். இரவு முற்றியதும் இருக்காது. ஒருநாளும் திரும்பியதில்லை. யாரிடமும் அவள் சொன்னதில்லை.

மறுநாள் தெருமுனையில் கெசடியா போடும் சொகோர்ரோதான் விஷயத்தை உடைத்தாள். கல்லில் சோள அடையைத் திருப்பிப் போட்டு, பூசணிப்பூவை உள்ளே வைத்து மடித்தபடி, வழக்கம்போல் மரியாதைக்கு 'டோன்யா' போட்டுச் சொன்னாள்.

"டோன்யா, உங்க படத்தைத் திரும்ப எடுக்குறாங்களாமே. அதே வீட்டுல. முந்தாநேத்துதான் ஆரம்பிச்சாங்களாம்."

"யாரு நடிக்கிறா?"

"யாரெட்ஸின்னு ஒரு பொண்ணு. சீரியல்ல கண்ணைக் கண்ணை உருட்டுவாளே, அவதான். உங்க அலறல் அவளுக்கு எங்க வரப்போவுது?" சொகோர்ரோ அடையைத் தட்டில் போட்டு நீட்டினாள். "வந்தாலும் வரும். இப்பத்திப் பிள்ளைங்க எல்லாத்தையும் படிச்சுட்டுதானே வருதுங்க."

ஹெர்லிந்தா சிரித்துவைத்தாள். அடையைப் பாதியிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

முதல் சில நாட்கள் நன்றாகத் தூங்கினாள். அப்புறம் தூக்கம் வரவில்லை. மாலையானால் முன்னறையில் உட்கார்ந்து நடைவழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானொலியிலிருந்து ஒரு பையன் போன் செய்து, புதுப் படம் பழைய படத்துக்கு ஈடாகுமா என்று கேட்டான். "சின்னப் பிள்ளைங்க. ஆசையா எடுக்குறாங்க. நல்லா வரட்டும்" என்றாள், பழக்கப்பட்ட பெரிய மனசுக் குரலில். போனை வைத்ததும் எழுந்துபோய் அந்த மூலையில் நின்றாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. நடிக்க வேடங்கள் வருவது நின்றுபோனபோது அவள் அழவில்லை. கணவன் போனபோதும் அழவில்லை. இப்போது குளியலறையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வந்து, அந்த இடத்தில் ஊற்றி, அது தரை ஓடுகளுக்கு நடுவே பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதுகூடவா அந்தப் புதுப் பெண்ணுக்கு?

மழைக்காலம் உச்சத்தில் இருந்தபோது எவெராடோ கூப்பிட்டான். அந்தப் பழைய படத்தில் மைக் கம்பம் பிடித்தவன். இன்று ஒலிக்கூடத்துக்குத் தலைவன்.

"ஹெர்லி, ஒரு உதவி. அந்தப் பொண்ணு நடைவழிக் காட்சியில அலறவே மாட்டேங்குது. எத்தனை தடவை எடுத்தும் வாயைத் தெறக்குது, சத்தம் வரல. அலறல் வேணும்னு தயாரிப்பாளர் பிடிவாதமா இருக்கார். நீ வந்து ஒரே ஒரு தடவை குரல் குடுத்துட்டுப் போ."

அவள் மனசுக்குள் ஏதோ இனித்தது. தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டு, முத்துத் தோடு மாட்டிக்கொண்டு போனாள்.

ஒலிக்கூடத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. பேசினால் பேச்சு வாயருகிலேயே செத்து விழும். எவெராடோ காட்சியை ஓடவிட்டான். பழைய வீடு, அதே நடைவழி, இன்னும் நல்ல வெளிச்சத்தில். யாரெட்ஸி மெழுகுவத்தியோடு வந்தாள். நின்றாள். கேமராவுக்குச் சற்று வலப்பக்கம் பார்த்தாள்.

ஹெர்லிந்தா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

அந்தப் பெண் நடிக்கவில்லை. மூக்கின் ஓரங்கள் வெளுத்தன. வாய் தானாகத் திறந்தது. உள்ளே நாக்கு பின்னால் ஒடுங்கியது. சத்தம் கிளம்பும் இடத்தையே எதுவோ வாரி எடுத்துக்கொண்டதுபோல் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து ஒரு துளி, துடைக்க ஆளில்லாமல், தாடை வரை இறங்கியது. அவள் பார்வை முதுகைப் பார்க்கிற பார்வை இல்லை. மெல்ல மேலே போய், ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து நகர முடியாமல் மாட்டிக்கொண்டது. இன்னொரு ஜோடிக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பார்வை.

திரும்பியிருக்கிறது. அவளுக்கு அது திரும்பியிருக்கிறது.

முப்பது வருடம் எனக்கு முதுகு. வந்த நாளே அவளுக்கு முகம்.

"எப்படி இருக்கு?" என்றான் எவெராடோ. "உன் படத்துக்குக் கிட்டக்கூட வராது, இல்ல?"

இது தன்னுடையதைவிட நல்ல காட்சி என்று ஹெர்லிந்தாவுக்குத் தெரிந்தது. அலறலே இல்லாததால்தான் நல்ல காட்சி. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அலறல் இல்லாத பேய்ப்படமா?" என்றாள். "குடுக்குறேன்."

குரல் அறைக்குப் போகும் வழியில், நீர்க்குழாய்க்குப் பக்கத்தில், யாரெட்ஸி நின்றிருந்தாள். மஞ்சள் கம்பளிச் சட்டை, அதன் கை நுனியெல்லாம் கடிபட்டு நூல் பிரிந்திருந்தது. திரையில் தெரிவதைவிடச் சின்னவள். முடி ஈரமாக இருந்தது. அவளிடமிருந்து அந்த வாடை வந்தது. ஈரச் சுண்ணாம்பு. ஹெர்லிந்தாவின் நெஞ்சு, ஊரைவிட்டுப் போனவன் சட்டையை முகர்ந்ததுபோல், ஒரு தரம் புரண்டது.

"டோன்யா, உங்களைத் தனியா ஒண்ணு கேக்கணும்." குரல் தேய்ந்திருந்தது. "அந்தப் படம் எடுக்கறப்ப... உங்க வீட்டுக்கும் வந்துச்சா?"

"என்ன வந்துச்சா?"

"எங்க வீட்டுல மொதல்ல வாசல்ல நின்னுச்சு. இப்பக் கட்டிலுக்குப் பக்கத்துல. குனிஞ்சு பாக்குது. எங்கம்மாவுக்குத் தெரியல. நீங்க இத்தனை வருஷம் இருந்துட்டீங்க. எப்படி இருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சொல்ல எவ்வளவோ இருந்தது. விளக்கைப் போடு. சுவரோடு போ. முகத்தைத் தேடாதே, முகம் தெரிந்தாலும் நிமிராதே, பேசாதே, பழகிவிடும். நாலு வார்த்தை.

"நீ சரியாத் தூங்கறதில்ல, கண்ணு" என்றாள் ஹெர்லிந்தா. "எங்க காலத்துல நாங்க வேஷத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் எவெராடோ கை காட்டினான். எதிர்த் திரையில் யாரெட்ஸியின் வாய் திறந்தது. ஹெர்லிந்தா கண்ணை மூடினாள். அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். அதில் பயம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் கூப்பிடுதல். வந்துவிடு. என்னிடம் வந்துவிடு. எனக்குத்தான் நீ முதலில். குரல் முறிந்து, முறிந்த இடத்திலிருந்து இன்னும் மேலே போய், அறையின் பஞ்சுச் சுவர்கள் விழுங்க முடியாமல் திணறி ஓய்ந்தது.

எவெராடோ அந்தச் சத்தத்தை அந்த வாயில் பொருத்தி ஓடவிட்டான். ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"இப்பத்தான் பழைய படத்துக்கு ஈடாச்சு" என்றான், கையைத் தேய்த்துக்கொண்டே. "அந்தப் பொண்ணு எங்க? கேக்கட்டும்."

யாரெட்ஸி எங்கும் இல்லை. பை இருந்தது, செருப்பு இருந்தது. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு போயிருப்பாள் என்றார்கள். ஹெர்லிந்தா குழாயை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் எந்த விளக்கையும் போடவில்லை. முத்துத் தோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியை நடைவழிக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மழை பலத்தது. கூரைக் குழாயில் தண்ணீர் கொப்பளித்து இறங்கும் ஓசை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கும் ஓசை, குளிர்பதனப்பெட்டி முனகி முனகி நிற்கும் ஓசை; ஒவ்வொன்றையும் காதில் வாங்கி ஒதுக்கிவைத்து, அவற்றுக்கு அடியில் வரவேண்டிய ஒன்றுக்காகக் காத்திருந்தாள், மாலை வருவதாகச் சொன்னவனுக்குக் காத்திருப்பதுபோல.

வாடை முதலில் வந்தது. அப்புறம் சொட்டு.

வெளியே அல்ல. உள்ளே. தரை ஓட்டின்மேல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்தாள். மூலையில் நிழல் கெட்டிப்பட்டிருந்தது. சுவரைப் பார்த்தபடி. பழையபடி.

"வந்துட்டியா" என்றாள்.

சொட்டு.

"திரும்பு. அவளுக்குக் காட்டினேல்ல. எனக்கும் காட்டு."

அசைவில்லை. கிட்டே போனாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு கிட்டே போனதில்லை. காலடியில் தண்ணீர் சில்லென்றது. கையை நீட்டினாள். தோளைத் தொட்டாள்.

கம்பளி.

நனைந்த கம்பளி. அடியில் சின்ன எலும்பு. அது நடுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போன வண்டியின் வெளிச்சம் ஜன்னல் வழியே ஒரு கணம் வழிந்து போனது.

மஞ்சள்.

நெற்றி சுவரில் அழுந்தியிருந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. உதட்டோரம் சுண்ணாம்பு.

"யாரெட்ஸி?"

அந்தப் பெண் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்ததுபோல் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

ஹெர்லிந்தாவுக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று. அவள் தோளின்மேல்.

அலற வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. கொடுத்துவிட்டு வந்த குரல் திரும்பி வரவில்லை.

பின்னாலிருந்து மெதுவாக, ஆசையாக, ஒரு கன்னம் அவள் கன்னத்தோடு வந்து ஒட்டியது. குளிர்ந்தது. கனத்தது. கண்ணைக் கடைசிவரை ஓரத்துக்குத் தள்ளினாள், தெரியவில்லை. ஒரு ஈரக் கை அவள் தாடையைப் பிடித்து முகத்தை நேராக்கியது. சுவருக்கு நேராக.

அந்தப் பெண், சுவரிலிருந்து நெற்றியை எடுக்காமலே, ஓரடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.