பியூஸ் போகாத வீடு

சுவிட்சைத் தட்டி அணைத்த பிறகும் பல்புக்குள் கம்பி சிவந்துகொண்டே இருந்தது. தாமோதரன் மறுபடியும் தட்டினார். அணையவில்லை. ஐப்பசி மழை, பொழுது சாயும் முன்பே புத்தூரை இருட்டாக்கிவிட்டிருந்தது. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் சுவருக்குள் இறங்கி, மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரைத் தேடிப் போகும் சத்தம்கூட அவருக்குக் கேட்பதுபோல் இருந்தது. ரப்பர் கருகும் வாடை லேசாக வந்தது.

எல்லை முடிவாகிப் புத்தூர் ஆந்திராவோடு நிற்க, திருத்தணி மதராஸ் பக்கம் போன வருஷம், அங்கே குடிபெயர்ந்த ஒருவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீடு இது. ஒயர் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தது. மாற்றச் சொன்னவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "எரியுதில்ல? அப்புறம் இன்னா?" கடுகு போன இடம் ஆராய்கிறவர்; பூசணிக்காய் போன இடம் தெரியாது.

அதில் வாடகைக்குக் குடியிருந்த மிஷன் பள்ளி டீச்சர் தபீதாள் மழை வந்தாலே புலம்புவாள். "ஐயா, செவுத்துல கை வெச்சா சுருக்குங்குது. பியூஸும் நிக்க மாட்டேங்குது." சும்மா சும்மா பியூஸ் கட்ட ஆள் அனுப்புவதா என்று அவரே போய், மெல்லிய கம்பி இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி மாட்டினார். அதன் பிறகு பியூஸ் போகவே இல்லை. தபீதாள்தான் போனாள். ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே சுவரில் கை ஊன்றியிருக்கிறாள். அறுந்து அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய கம்பி அறுபடவில்லை. முதலில் போய்ப் பார்த்தவரும், ஆட்கள் கூடுவதற்குள் செம்பைக் கழற்றிவிட்டு மாரடைப்பு என்று சொன்னவரும் அவர்தான்.

சாவு விழுந்த வீட்டுக்கு யார் வருவார்? வீட்டுக்காரன் குடும்பமே பால் காய்ச்சி ஒரு மாதம் குடியிருந்து காட்டினால்தான் ஊர் நம்பும். தாயில்லாத ஒரே மகள் செல்வியைக் கூட்டி வந்தார். அவளைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஒயரை மட்டும் மாற்றவில்லை. வாடகை வராத வீட்டுக்கு எதற்குச் செலவு?

"செல்வி! எங்க கீற?"

"பின்கட்டுல நைனா."

"செவுத்துப் பக்கம் போவாத. மெயினை எறக்கறேன்."

இறக்கினார். பல்பு எரிந்தது. பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினார். இரண்டும் கையில் இருந்தன, பீங்கான் சில்லென்று. பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. சுவருக்குள் ஒரு முனகல் கேட்டது, மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று. அது மெல்ல நகர்ந்து கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனது. அவர் பின்னாலேயே போனார்.

வாடை. இப்போது ரப்பர் இல்லை. மயிர் கருகும் வாடை.

"நைனா."

செல்வி சுவரோரம் நின்றாள். முகத்தில் வலி இல்லை. இடது கை மணிக்கட்டுவரை ஈரச் சுவருக்குள் இருந்தது. சுண்ணாம்பு உதிரவில்லை. விரிசலும் இல்லை.

"யாரோ கையப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்கறாங்க நைனா. உங் கையக் குடு. என்னிய இஸ்து வுடு."

வலது கையை நீட்டினாள். அவர் நிலைப்படியின் காய்ந்த மரத்தின்மேல் நின்றிருந்தார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் விடாது. இந்த ஊரில் அவரைவிட அது யாருக்குத் தெரியும்?

"நைனா."

அவர் கை நீண்டது. பாதியில் நின்றது. மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. பெற்ற மனம் பற்றி எரிந்தது. கால் ஓர் அடி பின்னால் போனது.

செல்வி அதைப் பார்த்தாள். சுவர் முழங்கைவரை ஏறியது. பிறகு தோள். பிறகு முகம். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. ஈரச் சுவரிலிருந்து அந்த ஒரு கை மட்டும் வெளியே, விரல்களை விரித்தபடி, வளையல் மெல்ல ஆட, அவருக்காகக் காத்திருந்தது.