வெறுந்தொட்டில்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, ஹாலில் தொங்கிய தொட்டில் காலையில் பிரமிளா விட்டுப்போன உயரத்தில் இல்லை. ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவளோ இரண்டு வாரமாக அந்தத் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தித்தான் இருந்தன.

தொட்டிலை மாட்டியது அவள் புருஷன் குகன். பிள்ளை பிறந்த அன்றைக்கே உத்தரத்தில் கொக்கி அடித்து, ஸ்பிரிங்கை மாட்டி, அதன் நுனியில் அவளுடைய பூப்போட்ட பாத்தேக் கைலியை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, படம் எடுத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். மனுஷனுக்கு எதிலும் அவசரம். பிள்ளையும் அப்பனையே உரித்து வைத்திருந்தான். மூன்று மாதம் முன்னதாகவே வந்து குதித்துவிட்டான். பிரசவ அறையில் அவன் ஒரே ஒரு தடவை கத்தினான். பூனைக்குட்டி கத்துவதுபோல, நடுவில் உடைந்து, மறுபடி எழும்பி, நின்றுபோன கத்தல். அதற்குள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அதன் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடந்தவன் கத்தவே இல்லை. அந்த ஒரு கத்தலை நினைத்து நினைத்துத்தான் பிரமிளா பொழுதை ஓட்டினாள்.

எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று மனசுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளே அடுப்படியிலிருந்து ஒரு பாக்கெட் சீனியை எடுத்து வந்து தொட்டிலில் கிடத்திப் பார்த்தாள். ஸ்பிரிங் இறங்கி, கைலியின் முடிச்சு சுவரில் இருந்த காற்றாடி சுவிட்சுக்கு நேராக வந்து நின்றது. “இவ்ளோதான் நம்ம தம்பி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். சீனியை எடுத்ததும் முடிச்சு துள்ளி மேலே போய்விட்டது.

பாலை மட்டும் விடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். “மருந்துக்கு மருந்து உங்க பால்தான்க்கா. பிள்ளைய நெனச்சுக்கிட்டு பம்ப் பண்ணுங்க, தானா எறங்கும்,” என்றாள் வார்டு நர்ஸ் லெட்சுமி மிஸ்ஸி. நினைத்தாள், இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சும்மா இருந்த காலால் தொட்டிலை ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்பிரிங் ங்ஙீக் என்றது, கைலி ஏறி இறங்கியது, அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்ததுபோல் மார்பு கூசிப் பால் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தொட்டிலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள். கீழே ஆயர் ஈத்தாம் பசாரில் சந்தை கலைந்தபின் மேலேறி வரும் மீன் வாடையும், மலையிலிருந்து இறங்கி ஜன்னல் கண்ணாடியில் படியும் ஈரமும், பம்பின் இழுப்பும், ஸ்பிரிங்கின் ங்ஙீக் ங்ஙீக்குமாக அவளுடைய மத்தியானங்கள் கழிந்தன. பாட்டில் நிறைந்தது. பிள்ளைக்கு ஒன்று செய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் காமாரியாவை அவர்கள் அக்கா முறை வைத்துக் ‘கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒருநாள் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று இதைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மலாயில், மெதுவாகச் சொன்னாள்.

“வெறும் தொட்டில ஆட்டாதம்மா. யாராச்சும் தும்பாங் ஏறிக்குவாங்க.”

தும்பாங் என்றால் போகிற வண்டியில் ஓசியில் தொற்றிக்கொள்வது. பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. “இது என்ன பஸ்ஸா கக்கா?” என்றாள். காமாரியா சிரிக்கவில்லை.

பிரமிளா சிரித்தாளே தவிர, அன்று சாயங்காலம் நூலை அவிழ்த்துத்தான் வைத்தாள். அவள் பிறந்த வீட்டிலும் அப்படிச் சொல்வதுண்டு. பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஆனால் நூல் இல்லாமல் பம்பை வைத்தால் பாட்டிலின் அடி நனைவதற்கே அரைமணி ஆயிற்று. வார்டில் பால் கேட்பார்களே என்று மறுநாள் மறுபடி கட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

விரற்கடை இரண்டு விரலாயிற்று. பிறகு நான்கு. குகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஸ்பிரிங்கு தளந்திருக்கும் லா. பசார்ல மலிவா வாங்குனதுதானே,” என்றான். ஃபேக்டரிக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு.

அவன் போனபின் அவள் சுவரைப் பார்த்தாள். முடிச்சு சுவிட்சுக்கு நேராக நின்றது. சீனி பாக்கெட் நின்ற இடம்.

மறுநாள் வார்டில் பிள்ளையின் தோல் திட்டுத்திட்டாக, ஊறவைத்த பழந்துணிபோல் நிறம் மாறியிருந்தது. மூச்சு விட மறந்து மறந்து விட்டான். ஒவ்வொரு தடவை மறக்கும்போதும் மெஷின் கத்த, லெட்சுமி மிஸ்ஸி ஓடி வந்து விரலால் அவன் பாதத்தைத் தேய்த்து ஞாபகப்படுத்தினாள். டாக்டர் வந்து, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்.

“ரொம்பக் காய்ச்சலா மிஸ்ஸி?” என்று கேட்டாள் பிரமிளா.

“காய்ச்சல் இல்லக்கா. இவ்ளோ சின்னதுங்களுக்குக் கிருமி ஏறுனா ஒடம்பு கொதிக்கறதில்ல. ஜில்லுன்னு ஆயிடும். எடையும் கொறஞ்சிருக்கு. ஊசி போட்டிருக்கோம், பாப்போம்.”

பிரமிளா வீட்டுக்கு ஓடினாள். ஏன் ஓடினாள் என்று அவளுக்கே தெரியும்.

முடிச்சு சுவிட்சைத் தாண்டிவிட்டது. சோபாவின் முதுகு உயரத்துக்கு வந்திருந்தது. கைலியின் இரண்டு ஓரமும் உள்ளே இருக்கும் பாரத்தால் இழுபட்டு உதடுபோல் மூடியிருந்தன. நூலை யாரும் இழுக்கவில்லை. ஸ்பிரிங் மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சுவிடும் கணக்கில்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே, வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம். அங்கே குறைகிறது, இங்கே கூடுகிறது. வேறு யாராக இருக்கும்? அந்த வயரும் ஊசியும் விளக்கும் பொறுக்காமல் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவிடம் வந்துகொண்டிருக்கிறான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. கைலியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

“தம்பி,” என்றாள்.

ஒரு முனகல்கூட இல்லை. பால் சுரக்கவும் இல்லை. இரண்டையும் கவனித்தாள். கவனித்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில், நல்ல மழையில், போன் வந்தது. புருஷனையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள் என்றார்கள். அந்த மாதிரிக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுதாக இங்கே வந்துவிட்டான் என்றால் அங்கே முடிந்துவிட்டது என்று அர்த்தம். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவனை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குகனுக்கு ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கைலியை ஸ்பிரிங்கிலிருந்து கழற்றினாள். கனம் கையில் விழுந்தது. கைலியின் வாயைச் சேர்த்துப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, துண்டைப் போர்த்திக் கீழே இறங்கினாள்.

வாடகைக் காடி ஓட்டியவர் வயசானவர், தமிழர். மழையில் வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்தார்.

“பச்சப் புள்ளையாம்மா?”

“ம்.”

கொஞ்ச தூரம் போனபின் அவர் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தார். “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. புள்ள என்னையே பாத்துக்கிட்டிருக்கு. வண்டி ஓட்ட முடியல.”

அவள் பிள்ளை இன்னும் சரியாகக் கண் விழித்ததில்லை. ஆனாலும் அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வார்டில் மூன்று பேர் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். பேசுமுன் மூச்சை இழுத்தார். அவருக்குப் பின்னால் பிள்ளை சாம்பல் நிறத்தில் கிடந்தான். பிரமிளா யாரையும் கேட்கவில்லை. பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து கைலியின் நுனியை உள்ளே திணித்து அவன்மேல் போட்டாள்.

“அக்கா! என்ன செய்றீங்க? அழுக்குத் துணிக்கா அது!” என்று லெட்சுமி மிஸ்ஸி பறித்தாள்.

பறிப்பதற்குள் கைலி லேசாகிவிட்டது. வெறும் துணி. அவள் கையில் ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கோ, பெட்டிக்குள் அல்ல, அவளுடைய தோளுக்குப் பின்னால், வாசல் பக்கமாக, ஒரு பூனைக்குட்டி கத்தியதுபோல் இருந்தது. அவள் திரும்பவில்லை. பெட்டிக்குள் பிள்ளை கண்ணைத் திறந்திருந்தது.

மெஷின் கத்துவதை நிறுத்தியது.

மருந்து கேட்டுவிட்டது என்றார்கள். குகன் நனைந்த சட்டையோடு நின்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடுத்தடுத்த வாரங்களில் பிள்ளை கிடுகிடுவென்று எடை ஏறியது. அழுவதில்லை. பால் கொடுத்தால் குடிக்கும், கொடுக்காவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும். “எங்க வார்டுலயே நல்ல புள்ள,” என்று மிஸ்ஸிமார் மெச்சினார்கள். பிரமிளாவுக்கு மட்டும் அந்தச் சாயங்காலத்தோடு பால் நின்றுபோனது. ஒரு சொட்டுகூட இல்லை. அதிர்ச்சியில் அப்படி ஆகும், டின் பால் கொடுக்கலாம், கவலைப்படாதீர்கள் என்றார்கள். பிள்ளையை முதன்முதலாக மடியில் வைத்தபோது அது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவள் உடம்பு சும்மா இருந்தது. கட்டை மாதிரி இருந்தது. களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளத்தானே முடியும்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. குகன் முதல் வேலையாகத் துவைத்து வைத்திருந்த கைலியை ஸ்பிரிங்கில் மாட்டி, பிள்ளையைக் கிடத்தினான். ஸ்பிரிங் இறங்கியது, முடிச்சு சுவிட்சைத் தாண்டி, சோபா முதுகைத் தாண்டி நின்றது.

“பாத்தியா, என்னமா வளந்துட்டான்!” என்றான் குகன். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

கேட்டுக்கு வெளியே காமாரியா வந்து நின்றாள். “கக்கா பாக்கணும்ல,” என்று குகன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். காமாரியா எட்டிப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரமிளா தொட்டிலைப் பார்த்தாள்.

முடிச்சு மேலே போய்க்கொண்டிருந்தது. சோபா முதுகு. அதற்கு மேல். சுவிட்ச்.

நின்றது.

துள்ளவில்லை. மேலே போகவில்லை. சுவிட்சுக்கு நேராக, ஒரு பாக்கெட் சீனியின் கனத்தில், நின்றது. கைலியின் ஓரங்கள் மெல்ல மூடின.

உள்ளேயிருந்து ஒரு கத்தல். நடுவில் உடைந்து, மறுபடி எழும்பியது. இத்தனை வாரமாக அந்த வார்டு வாசலிலிருந்து வீடு தேடித் தேடி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்த, பிரசவ அறையில் கேட்ட அதே கத்தல்.

“என்னம்மா, அப்படி நிக்கிற?” என்றான் குகன். அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் தோளில் கிடந்தது தலையைத் திருப்பித் தொட்டிலைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. கண் சிமிட்டவில்லை.

பிரமிளாவின் மார்பு கூசியது. இரண்டு மாதமாக வராத பால், சட்டையை நனைத்து, வயிற்றில் வழிந்து, தரையில் சொட்டத் தொடங்கியது.