கழற்றி வைத்த சேலை கார்டு

சக்கரம் மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

செயினைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, புது பேரிங் போட்ட பின்சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவோ ஏழெட்டுச் சுற்று ஓடி, உள்ளே இருந்து யாரோ விரலால் பிடித்த மாதிரி மெல்ல நின்றது. நிற்கும்போதெல்லாம் காற்றடிக்கும் வால்வு வாசல் பக்கமாகவே பார்த்தது. சிவபிரகாஷ், சும்மா சொல்லக்கூடாது, கைகாரன். முதலிபாளையத்தில், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்களுக்கு பிட்டர். ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே ஊசி உடைந்ததைக் கண்டுபிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு பழைய பைக்கின் சக்கரம் பிடிபடாமல் அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரம் முழுக்கப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து சுவர் வழியாக உடம்புக்குள் இறங்கும் மெஷின் இரைச்சல் அன்று ஒரு நாள் மட்டும் கிடையாது. போதாததற்குக் கரண்டும் போயிருந்தது. மழை வரப்போகிற மப்பில், தகரக் கூரை போட்ட அந்தச் செட்டுக்குள் பெட்ரோல் வாசமும் கிரீஸ் வாசமும், வண்டியோடு கூடவே வந்த புளித்த பால் வாடையும் கலந்து அசையாமல் நின்றன. சக்கரம் நிற்கும்போது கேட்ட ‘டிக்’ என்ற சின்னச் சத்தம் பத்தடி தள்ளியிருந்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

வண்டி ஊத்துக்குளிப் பால்காரர் நல்லானுடையது. முப்பது வருஷத்து நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கோவையில் பழைய சின்ன வண்டிகளுக்கென்று ஒரு ரேஸ். பெரிதாகச் செலவு செய்ய முடியாதவன் என்ன செய்வான்? எடையைக் குறைப்பான். பால் கேன் கொக்கி, மட்கார்டு, ஹாரன், செயின் கவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசியில் மிச்சமிருந்தது சேலை கார்டு: பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு. இரண்டே போல்ட். அதை மட்டும் ஒரு வாரமாகத் தொடாமல் தள்ளிப்போட்டு, அன்று காலையில்தான் கழற்றினான். ஒற்றை சீட்டு வண்டி, யார் பின்னால் உட்காரப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதைக் கழற்றிய பிறகுதான் சக்கரம் இப்படி நிற்க ஆரம்பித்தது.

குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். சக்கரத்தின் நடுவே ஹப்பின் இடுக்கில் ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறம்.

இழுத்தான். வந்தது. ஒரு முழம், இரண்டு முழம், பத்து முழம் என்று வந்துகொண்டே இருந்தது. கோனில் சுற்றி வருகிற புது நூல் நேராக இருக்கும். இது நெளிநெளியாக இருந்தது. பின்னிய துணியைப் பிரித்தால்தான் நூல் இப்படி வரும். அவனுக்குச் சோறு போடுகிற விஷயம் இது, இதில் அவன் கண் தப்பாது. எங்கேயோ ஒரு துணி பிரிந்துகொண்டிருக்கிறது. நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். ஏழெட்டுச் சுற்று. டிக். அதே இடத்தில், அதே நிறத்தில் இன்னொரு முனை.

“என்னடா அங்க சத்தம்?” வீட்டுக்குள் இருந்து அண்ணன் சரவணக்குமார் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்ணா.”

அவன் தொடாமலேயே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காற்று என்று நினைத்துக்கொண்டான். வெளியே வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த நிறத்தை அவன் எப்படி மறப்பான்? மூன்று வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ரோலிலிருந்து அந்தத் துணியை வாங்கிவந்து அண்ணி அன்புசெல்வியிடம் கொடுத்தவனே அவன்தான். லைக்ரா கலந்த பனியன் துணி. அண்ணி அதை இரண்டு ஷாலாக வெட்டி, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை மகள் யாழினிக்குக் கொடுத்தாள். அப்போதும் அவன் இதே மாதிரி ஒரு வண்டியை ரேசுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலை கார்டைக் கழற்றி வைத்தான். திங்கட்கிழமை காலையில் அண்ணனின் வண்டி பஞ்சர். பெருமாநல்லூர் கம்பெனிக்கு அண்ணியைக் கொண்டுபோய் விடத் தம்பியின் வண்டியை எடுத்தார். அது கிளம்புகிற சத்தத்தைப் பாயில் கிடந்தபடியே கேட்டான். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புரண்டு படுத்தான். போகிற வழியில் அண்ணியின் ஷால் பின்சக்கரத்துக்குள் போய்க் கழுத்தை இறுக்கியது. நூல் சேலையாக இருந்தால் கிழிந்திருக்கும். லைக்ரா கிழியாது, இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

அதோடு விட்டிருந்தால்கூட அவனை மனிதன் என்று சொல்லலாம். அண்ணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ரோட்டோரம் கிடந்த வண்டியிடம் ஒரு பையோடு போனான். பைக்குள் சேலை கார்டும் இரண்டு போல்ட்டும் ஒரு ஸ்பானரும். அப்புறம் வண்டியைப் பார்க்க வந்த போலீஸ்காரர்கள், கார்டு இருக்கிறது, ஓட்டினவர்தான் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அண்ணன் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களிடம்கூட, “எம்பட பொண்டாட்டிய நான்தானுங்க கொன்னேன்” என்கிறார். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் தம்பிக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று அவர் முன்னால் போய் நின்ற நாளெல்லாம், “என்னடா?” என்று அண்ணன் கேட்பார், இவன் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். ஒண்ணுமில்லீங்ணா.

நல்லானுக்குப் போன் போட்டான்.

“அண்ணா, வண்டிச் சக்கரத்துல துணிகிணி ஏதாச்சும் எப்பவாச்சும் சிக்குச்சுங்களா?”

“அந்த வண்டில பொம்பளைங்க ஏறுனதே இல்லீங்க தம்பி. பால் கேனுதான். ஏனுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்.”

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. டிக். இந்தத் தடவை அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பால் வாடை எப்போது போனதென்று தெரியவில்லை. இப்போது வேறொரு வாடை அடித்தது. கம்பெனியில் அண்ணி வேலை பார்த்த செக்கிங் செக்‌ஷனில் பனியனில் கறை எடுக்க அடிக்கிற மருந்து. சாயங்காலம் வேலை முடிந்து வந்து சோறு போடும்போது அண்ணியின் விரல்களில் அந்த வாடைதான் இருக்கும்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் முழுவதையும் இழுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு வெறி அவனுக்கு. இரண்டு கையாலும் இழுத்தான். காலடியில் நூல் குவிந்தது. கணுக்கால் வரை வந்தது. நெளிநெளியாக. இன்னும் வந்தது.

“சித்தப்பா.”

வாசலில் யாழினி நின்றாள். பன்னிரண்டு வயது. சளி பிடித்திருந்ததால் கழுத்தில் ஷாலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். கத்தரிப்பூ நிறம். தொங்கவேண்டிய முனையைக் காணோம்.

“என்ற ஷால் பிரிஞ்சுட்டே வருது சித்தப்பா. ஊட்டுக்குள்ள சும்மாதான் உக்காந்திருந்தேன். யாரும் இழுக்கல.”

அவன் கையிலிருந்த நூலைப் பார்த்தான். அது ஹப்புக்குள் போனது. ஹப்பின் அந்தப் பக்கமாக வெளியே வந்து, சிமெண்ட் தரையில் கிடந்து, வாசல் வரைக்கும் போய், அவள் கழுத்துக்கு ஏறியது.

“அதைக் கழட்டிரு கண்ணு. சீக்கிரம்.”

அவள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். “வரமாட்டேங்குது சித்தப்பா.”

பாய்ந்துபோய்த் தரையிலிருந்த நூலை டிரிம்மரால் வெட்டினான். அறுந்தது. கண்ணால் பார்த்தான். மறுபடியும் பார்த்தபோது அறுந்த இடமே இல்லை.

அவள் பின்னாலேயே அண்ணன் வந்தார். நூலை அவர் கவனிக்கவில்லை. வாசலோரம் சாத்தியிருந்த சேலை கார்டுதான் அவர் கண்ணில் பட்டது. குனிந்து எடுத்தார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு வண்டிச் சாமானைத் தொட்டது அன்றுதான்.

“அன்னைக்கும் இது மாதிரி ஒண்ணு வண்டில இருந்துச்சு” என்றார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருந்தும் எப்படிடா உள்ள போச்சு? ராத்திரி பகலா அதையேதான் நெனச்சுட்டு இருக்கறேன். உனக்கு ஏதாச்சும் தெரியுமா தம்பி?”

சிவபிரகாஷ் சக்கரத்தைப் பார்த்தான். வால்வு வாசலைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சுற்று. புரிந்துவிட்டது. இப்போது சொல்லிவிட்டால் போதும். ஒரே வரி. நான்தானுங்ணா கழட்டுனேன். நாக்கு நுனியில் இருந்தது. யாழினி அவனையே பார்த்தாள்.

வாயைத் திறந்தான்.

“என்னடா?” என்றார் அண்ணன்.

மூன்று வருஷம் பழகிய வாய்.

“ஒண்ணுமில்லீங்ணா.”

சக்கரம் சுற்றியது. ஒன்று. இரண்டு. ஏழு. எட்டு. நிற்கவில்லை. காலடியில் குவிந்த நூல் சரசரவென்று உள்ளே போனது. தரையில் கிடந்தது விறைத்து எழுந்தது. ஷால் பிரிவது நின்றுவிட்டது.

யாழினியின் முகவாய் மெல்ல மேலே போனது. அண்ணன் இன்னும் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய செருப்பு இரண்டும் சிமெண்டை உரசிக்கொண்டு சக்கரத்தை நோக்கி நகர்ந்தன.

அவள் நடக்கவில்லை.