பின்சீட்டில் ஓர் அண்ணன்

போன் அலறியது.

டயர்க்காரர் எடுக்கவில்லை. லாரிச் சக்கரம் ஒன்றின் மேல் ஏறி நின்று, பழைய டயரைக் கடப்பாரையால் நெம்பிக் கொண்டிருந்தார்.

"என்னங்க... போன்!" டயர் அடுக்குகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"நீயே பேசு. புது டயர் போட்டவங்களாத்தான் இருக்கும். வண்டி பாட்டுப் பாடுதுன்னு சொல்லுவாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்னு சொல்லி வை!"

அவள் போனை எடுத்தாள்.

"ஹலோ... நான் பல் டாக்டர் பேசறேன். காலையில நாலு டயரும் மாத்திட்டுப் போனேனே..."

"சொல்லுங்க டாக்டரம்மா."

"வண்டி ஆடுது... ரொம்ப ஆடுது. உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசணும். ஸ்பீக்கர்ல போடுங்க. இங்கேயும் ஸ்பீக்கர்லதான் இருக்கு. என்... என் அண்ணன் கேட்டுட்டிருக்கார். பின்சீட்ல இருக்கார்."

டயர்க்காரர் இறங்கி வந்தார். கையைத் துடைத்துக் கொண்டார். யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் கேள்விகள் இவைதான்.

"ஸ்டியரிங் ஆடுதா... சீட்டு ஆடுதா?"

"சீட்டு. காலுக்குக் கீழே தரையும்."

"அப்போ பின்சக்கரம். ஒரு ஸ்பீடுல மட்டும் ஆடுதா?"

"இல்லை. எல்லா ஸ்பீடுலயும்."

"சத்தம் எப்படி? விமானம் மாதிரி 'ஊ'ன்னு வருதா... கதவைத் தட்டற மாதிரியா?"

"தட்டற மாதிரி! மெதுவாப் போனா இன்னும் நல்லாக் கேக்குது. திருப்பத்துல ஜாஸ்தி!"

டயர்க்காரரின் புருவம் சுருங்கியது.

தங்கள் பேச்சு அந்தப் பக்கம் கேட்காதபடி போனில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"பொய் சொல்றாங்க!"

"யாரு?"

"டாக்டரம்மாதான்! 'ஊ'ன்னு வந்தா டயர் மேல வரி வரியா இருக்கற பூவோட வேலை. ஒரே ஸ்பீடுல ஆடினா பேலன்ஸிங். ஒரு பக்கமா இழுத்தா அலைன்மென்ட். இவங்க சொல்ற மாதிரி தட்டணும்னா சக்கரத்து நட்டு லூசா இருக்கணும். என் கடையில! என் கையால மாட்டின சக்கரத்துல! சூரியன்ல ஐஸ் விக்கறாங்கன்னா கூட நம்புவேன்!"

மனைவி சிரிக்கவில்லை.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க... அண்ணன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"காலையில 'தனியா வந்திருக்கீங்களே, அண்ணன் தம்பி யாரும் இல்லையா'ன்னு கேட்டேன். 'நான் வீட்டுக்கு ஒத்தைப் பொண்ணு'ன்னு சொன்னாங்க!"

டயர்க்காரர் போனைப் பார்த்தார்.

"அப்போ பின்சீட்ல..?"

"காலையிலேர்ந்து ரேடியோல கத்திட்டிருக்கானே... கோர்ட் வாசல்ல போலீஸ்காரரைக் குத்திட்டு ஒருத்தன் ஓடிட்டான்னு... பூனைன்னு பட்டப்பேரு..."

டயர்க்காரர் விக்கித்துப் போனார்.

ஆடாத வண்டியை ஆடுவதாகச் சொல்கிறாள். இல்லாத அண்ணனை இருப்பதாகச் சொல்கிறாள். கழுத்துக்குக் கத்தி வந்த ஒருத்தி வேறு எப்படி உதவி கேட்பாள்?

போனிலிருந்து ஒரு முரட்டுக் குரல் கிளம்பியது.

"என்ன... அந்தப் பக்கம் பேச்சே காணோம்? கட் பண்ணு!"

டயர்க்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் போனை எடுத்துக் கொண்டு, செருப்புக் கூடப் போடாமல் கொல்லைப் பக்கம் ஓடினாள்... போலீசைக் கூப்பிட!

அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே, வெச்சுடாதீங்க! உங்க உயிர் சமாச்சாரம்!"

*

காருக்குள்...

முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தரையில் குறுகிக் கிடந்தான் பூனை. அவன் கையிலிருந்த கத்தியின் முனை, சீட் இடுக்கு வழியாக நுழைந்து டாக்டரின் இடுப்பைத் தொட்டுக் கொண்டிருந்தது.

"என்னய்யா உயிர் சமாச்சாரம்? புது டயர்னா சத்தம் வரும்னு என் மச்சான் சொல்லுவான். பூச்சாண்டி காட்டாதே!"

"உங்க மச்சானை வேணும்னா அந்த சீட்ல வந்து உக்காரச் சொல்லுங்கண்ணே. பின்சக்கரத்து நட்டு கழண்டுட்டிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன ஜோசியமா பார்க்கறே?"

"பக்கத்துக் கதவுல உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. நடுங்குதா?"

பூனை வைத்தான்.

நடுங்கியது!

ஓடுகிற எந்தக் காரின் கதவும் நடுங்கும் என்பது டயர்க்காரருக்குத் தெரியும். பூனைக்குத் தெரியாது. நடுங்குவது கதவா, தன் கையா என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

"நடுங்குது..."

"போச்சு! அடுத்த பெரிய திருப்பத்துல சக்கரம் தனியாக் கழண்டு முன்னாடி ஓடும். நீங்க பின்னாலேர்ந்து வேடிக்கை பார்க்கலாம்... கொஞ்ச நேரம்!"



இந்தக் காரைக் கைவிடப் பூனைக்கு மனசில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டாக்டர் ஸ்டிக்கரைப் பார்த்ததும், வழியில் மறித்த போலீஸ்காரர்கள் குனிந்து கூடப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். மாநில எல்லையைத் தாண்டும் வரை அந்த ஸ்டிக்கர் வேண்டும்.

"எவ்வளவு நேரமாகும்?"

"நட்டு முறுக்கறதுதானேண்ணே? சோறு வடிக்கற நேரம்கூட ஆகாது. அப்படியே மெதுவா திரும்பி வாங்க."

போன் அடங்கியது.

"அங்கே போய் வாயைத் திறந்தே..." பூனை கத்தியை அழுத்தினான். டாக்டரின் சட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு பூத்தது.

"மத்தவங்களைத்தான் நான் வாயைத் திறக்கச் சொல்லுவேன்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "நான் திறக்க மாட்டேன்... கத்தியை எடுங்க."

*

கொல்லைப்புறமாக நுழைந்த இன்ஸ்பெக்டர், டயர்க்காரரின் கறைபடிந்த நீல அங்கிக்குள் தன்னைத் திணித்துக் கொண்டிருந்தார். பொத்தான் சேரவில்லை.

"வயித்தை உள்ளே இழுங்க சார்!" என்றாள் மனைவி.

"இழுத்துட்டேன்மா. இதுதான் மிச்சம்!"

இரண்டு போலீஸ்காரர்கள் டயர் அடுக்குகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

"கார் வந்து நின்னதும் கதவைத் திறந்து பாயறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க பாயறதுக்குள்ள அவன் கத்தி பாஞ்சிடும் சார். அந்தப் பொண்ணு வெளியே வரணும். அவன் உள்ளேயே இருக்கணும்."

"அவன் என்ன உங்க மாமனா மச்சானா, சொன்னாக் கேக்கறதுக்கு?"

டயர்க்காரர் திரும்பினார். கடையின் நடுவே நின்ற இரண்டு இரும்புத் தூண்களைப் பார்த்தார். காரை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கும் லிப்ட்!

வெளியே பிரேக் கிறீச்சிட்டது.

வந்துவிட்டான்!

கார் ஊர்ந்து வந்து தூண்களுக்கு நடுவே நின்றது. டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. டயர்க்காரர் இரும்புக் கைகளை வண்டிக்கு அடியில் தள்ளியபடி, பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"வணக்கம்ண்ணே. ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?"

"இடுப்பு வலி. சீக்கிரம் வேலையைப் பாரு!"

"ரெண்டு பேரும் இறங்குங்க. தூக்கணும்."

"இறங்க முடியாது. அப்படியே தூக்கு!"

"முன்னாடி ஆள் இருந்தா பின்சக்கரத்து ஆட்டம் கைக்குத் தெரியாதுண்ணே. டாக்டரம்மா மட்டும் இறங்கட்டும். நீங்க நடுவுல நல்லா உக்காந்துக்குங்க. வண்டி சாயாம இருக்கும்."

சுத்தப் புளுகு. ஆனால் டயர்க்காரர் அதைச் சொன்ன தோரணையில், கார் செய்த கம்பெனிக்காரனே கூடத் தலையாட்டியிருப்பான்.

பூனை யோசித்தான். கண்கள் கடையைத் துழாவின. அங்கி வெடித்துவிடும் போல ஒரு குண்டு ஆசாமி சக்கரம் உருட்டிக் கொண்டிருந்தான்.

"யாரு அவன்?"

"வேலைக்குப் புதுசு. வேலை ஒண்ணும் தெரியாது. சாப்பாடு மட்டும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக் கொண்டார்.

"சரி... அவ இறங்கட்டும். ஆனா இந்த ஜன்னலை விட்டு நகரக் கூடாது!"

டாக்டர் இறங்கினாள்.  திறந்திருந்த பின் ஜன்னல் வழியே பூனையின் கை நீண்டது. அவள் மணிக்கட்டை இரும்பாகப் பற்றியது. இன்னொரு கையில் கத்தி, ஜன்னல் விளிம்புக்குக் கீழே... தயாராக!

டயர்க்காரரின் கை லிப்ட் பொத்தானில் இருந்தது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நிறுத்தினால் சந்தேகம். தூக்கினால்..?

பொத்தானை அழுத்தினார்.

ர்ர்ர்ர்ர்...

கார் தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு ஜாண்... ஒரு முழம்... டாக்டரின் கை மேலே போனது. தோள் உயரம்... தலை உயரம்...

"ஏய்! போதும்! நிறுத்து!"

"பொத்தான் சிக்கிடுச்சுண்ணே!"

டாக்டர் நுனிக்காலில் நின்றாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பூனை விடவில்லை! கத்தி ஜன்னலுக்கு வெளியே வந்தது... அவள் முகத்தை நோக்கி இறங்கியது...

மறு கையால் கதவின் கைப்பிடியைப் பற்றி அவள் எம்பினாள்.

தன்னைப் பிடித்திருந்த அந்தக் கையில் கடைவாய்ப் பல் பதியக் கடித்தாள்!

"ஆ...!"

அலறல் கடையின் தகரக் கூரையை அதிர வைத்தது. பிடி விட்டது. அவள் தரையில் விழுந்தாள். மனைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்து டயர்களுக்குப் பின்னால் இழுத்துக் கொண்டாள்.

ர்ர்ர்ர்...

கார் உச்சிக்குப் போய் நின்றது.

பூனை ஒரு பக்கக் கதவைத் திறந்தான். கீழே, வெகு கீழே, இன்ஸ்பெக்டர். நிஜத் துப்பாக்கியோடு! மறுபக்கக் கதவைத் திறந்தான். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள், ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு.

"கத்தியைக் கீழே போடுடா!"

"வர மாட்டேன்!"

"வராதே! பூனைன்னு பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான். ஏறத் தெரியுது, இறங்கத் தெரியலை!" இன்ஸ்பெக்டர் அங்கியின் மிச்சப் பொத்தான்களைப் பிய்த்து எறிந்தார். "எங்களுக்கு அவசரமில்லை. ராத்திரி அங்கேயே தூங்கு!"

கொஞ்ச நேரம் கழித்து, கத்தி 'ணங்'கென்று தரையில் விழுந்தது.

*

காரை மார்பு உயரத்துக்கு இறக்கி, பூனையை உருவி எடுத்து, விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

டயர்க்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"எப்படி சார் என் நடிப்பு? நட்டு லூசுன்னு ஒரே ஒரு பொய்! ஆள் பொட்டிப்பாம்பா அடங்கிட்டான்! ஆனா டாக்டரம்மாவோட மூளைக்குத்தான் முதல் சலாம். கத்தி முனையில உக்காந்துகிட்டு என்னமா ஒரு ரகசியத் தகவல்!"

இடுப்பில் மருந்துத் துணியை அழுத்திக் கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தாள்.

"என்ன தகவல்?"

"வண்டி ஆடுதுன்னு ஒரு பொய்... அண்ணன் இருக்கார்னு ஒரு பொய்... நான் புரிஞ்சுக்கணும்னுதானே சொன்னீங்க?"

"அண்ணன்னு சொல்லச் சொன்னதே அந்தப் பாவிதான்! வண்டி நிஜமாவே ஆடிச்சுங்க! அவன் பயந்துட்டான். 'டயர் போட்டவனையே கேளு'ன்னு அதனாலதான் போன் பண்ண விட்டான். நான் உங்களைத் திட்டறதுக்குத்தான் கூப்பிட்டேன்!"

டயர்க்காரர் சிரித்தார். "அதிர்ச்சியில பேசறீங்கம்மா. பாருங்க சார்... கல்லு மாதிரி இருக்கும் என் சக்கரம்..."

பின் இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினார்.

டக்... டக்... டக்!

சிரிப்பு உறைந்தது.

இரண்டு விரலால் ஒரு நட்டைத் தொட்டார். சுழன்றது! அடுத்ததைத் தொட்டார். கையோடு வந்தது!

"இது... இது எப்படி..?"

"எப்படின்னு நான் சொல்லட்டுமா?" மனைவி இடுப்பில் கை வைத்துக் கொண்டு வந்தாள். "வண்டியைக் கீழே இறக்கினதும் கடைசியா ஒரு தடவை முறுக்கணும். மூணு சக்கரம் முறுக்கினீங்க. நாலாவதுக்குப் போறப்போ என்ன பண்ணினீங்க? 'டாக்டரம்மா, ஒரு நிமிஷம் இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாருங்களேன்'னு வாயைப் பிளந்துகிட்டு நின்னீங்க! ஓசி வைத்தியம்! அப்புறம் முறுக்கினீங்களா?"

டயர்க்காரரின் கை கடைவாய்ப் பக்கம் போனது. 

"அடப்பாவி!" ஜீப்பிலிருந்து பூனையின் குரல் கிழித்துக் கொண்டு வந்தது. "அப்போ நிஜமாவே கழண்டுட்டிருந்துதா? நான் செத்திருப்பேனே!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமியபடி டாக்டரிடம் திரும்பினார்.

"புகாரைச் சொல்லுங்க டாக்டர். கொலை முயற்சின்னு எழுதிக்கட்டுமா?"

டாக்டர் ஆடும் சக்கரத்தைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். கையில் நட்டோடு நின்ற டயர்க்காரரைப் பார்த்தாள்.

"எழுதுங்க சார்... ரெண்டு பேர்ல யாரை முதல்ல எழுதறதுன்னுதான் யோசிக்கிறேன்!"